ஏழையின் குணமா, நம் கண்ணின் குறையா?

எங்கள் ஊர் நிழல் தாங்கலில் முப்பது வருடமாகப் பணிவிடை செய்து வருகிறேன். முற்றம் தூத்துத் தெளிப்பது, கிணற்றில் தண்ணீர் கோருவது, விளக்கு துலக்குவது, உச்சிப்படிப்பு முடிந்ததும் உம்பான் விளம்புவது, இவ்வளவுதான் என் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் ஒரு காரியம் இரண்டு வருடமாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதை அய்யாவின் மக்களாகிய உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அப்போது எங்கள் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. தாங்கலுக்கு முன்னால் மண்டபம் கட்டும் வேலையும் நடந்தது. கம்பி கட்டவும் பலகை அடிக்கவும் மேற்கு வங்காளத்திலிருந்து ஆறு பேர் வந்து, பக்கத்து விளையில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். மதியம் நம் மக்களோடு வரிசையில் இருந்து உம்பான் சாப்பிடுவார்கள். அவர்களில் ஒரு பையனுக்கு இருபது வயது இருக்காது. சாப்பிட்டு முடிந்ததும் தன் இலையை எடுப்பான், பக்கத்தில் இருக்கிற கிழவியின் இலையையும் சேர்த்து எடுப்பான். நாமம் இட்டுக்கொள்ள அவனாகவே வந்து நெற்றியைக் காட்டி நிற்பான்.

ஏழாம் நாள் காலையில் பெரிய வெண்கலச் சருவத்தைக் காணவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் ஊர் சேர்ந்து வாங்கியது அது. சமையல் கட்டிலும் கிணற்றடியிலும் தேடினோம், கிடைக்கவில்லை. "அந்தப் பயலுவளத் தவிர வேற யாரு எடுப்பா?" என்று ஒரு குரல் எழுந்தது. அப்படிச் சொன்னவன் வேறு யாருமல்ல, நான்தான். அங்கே நின்ற பத்துப் பேரில் ஒருவர்கூட, "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொன்னதுபோல எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஐந்து பேர் கொட்டகைக்குப் போனோம். அவர்களுடைய பைகளை வாங்கித் தரையில் கொட்டினோம். அந்தப் பையனுடைய பையில் இரண்டு சட்டை, ஒரு சீப்பு, போன் சார்ஜர், ஊருக்குப் பணம் அனுப்பிய துண்டுச் சீட்டு. அதோடு நாங்கள் கொடுத்த இனிமத்தையும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தான். சருவம் இல்லை. இல்லை என்று கண்ட பிறகும் நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. "எங்கேயாவது வித்திருப்பானுவ" என்று சொல்லிக்கொண்டே திரும்பினோம்.

மூன்றாம் நாள் ஒரு கார் வந்து நின்றது. ஊரிலேயே வசதியான குடும்பத்தார். பேரப்பிள்ளைக்குச் சோறு கொடுக்கிற விசேஷத்துக்காக இரவோடு இரவாக ஆள் விட்டுச் சருவத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. "மறந்தே போச்சு பாத்தியளா" என்று அந்த அண்ணாச்சி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். காப்பி கொடுத்து அனுப்பினோம். அவர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை எங்களுடையது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சொல்லாமல் ஒரு பொருளை எடுத்தவருடைய செயலுக்கு 'மறதி' என்று பேர் வைத்தோம். எடுக்காதவனுக்குத் 'திருடன்' என்று பேர் வைத்தோம். செயலைப் பார்த்தா பேர் வைத்தோம்? ஒருவர் காரில் வந்தார், ஒருவன் தகரக் கொட்டகையில் கிடந்தான். அதைப் பார்த்தே பேர் வைத்தோம்.

மறுநாள் காலையில் தனியாகக் கொட்டகைக்குப் போய்க் கைகூப்பினேன். மேஸ்திரி, "பரவாயில்லை அண்ணா" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு இருபது நாள் வேலை நடந்தது. மற்ற ஐந்து பேரும் சாப்பிட வந்தார்கள். அவன் வரவில்லை. நான் வாளியில் சோறு கொண்டுபோய் வைத்தேன். அதைச் சாப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது. வரிசையில் வந்து இருக்கவும் இல்லை, நாமம் இட்டுக்கொள்ளவும் இல்லை. வேலை முடிந்ததும் போய்விட்டான்.

மக்களே, நான் ஏழைகளை வெறுக்கிறவன் அல்ல. முப்பது வருடமாக அவர்களுக்குச் சோறு விளம்பியவன். அந்தப் பையனுக்கும் என் கையால்தான் விளம்பினேன். அவனுக்குச் சோறு கொடுக்க எனக்கு மனம் இருந்தது. அவனை நம்ப மனம் இல்லாமல் போயிற்று. இது எப்படி என்று யோசித்தபோதுதான், பணம் ஒரு இடத்தில் குவிவதும் ஒரு இடத்தில் இல்லாமல் போவதும் வயிற்றை மட்டும் பாதிக்கவில்லை, கண்ணையும் பாதிக்கிறது என்று விளங்கியது.

இதை விளங்கிக்கொள்ள நான் வெகுதூரம் போகவேண்டியதில்லை. என் அப்பா பனையேறி. மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் காலையிலும் மாலையிலும் முப்பத்தைந்து பனை ஏறி இறங்குவார். எந்தப் பனை எத்தனை கலயம் தரும், எந்தப் பாளை இன்னும் எத்தனை நாள் சுரக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனக்கணக்கு. அம்மா அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். ஐப்பசி கார்த்திகை மழையில் பனை வழுக்கும், ஏற முடியாது. ஏறினாலும் ஒன்றும் வடியாது. அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமானால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கவேண்டும். அதை அடுத்த பருவத்தில் கருப்பட்டியாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். விலையை வியாபாரிதான் சொல்வார். எடையும் அவர் தராசில்தான்.

கருப்பட்டிப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு அப்பாவோடு நானும் போயிருக்கிறேன். அந்த வியாபாரி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார், "பனையேறி கையில காசு தங்காது. கணக்கும் தெரியாது. குடுத்தா அழிச்சிருவான்." அப்பா தலையைக் குனிந்து நிற்பார். அப்பா குடிக்கிறவர் அல்ல, சீட்டு ஆடுகிறவர் அல்ல. காசு தங்காததற்குக் காரணம், வருவதற்கு முன்பே அது அடமானமாகி இருந்தது. கணக்குத் தெரியாது என்று சொன்னவர் கையில்தான் கணக்குப் புத்தகம் இருந்தது. காசைத் தங்கவிடாத ஏற்பாட்டைச் செய்தவரே, 'தங்காத கை' என்று அவரைப் பழித்தார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அப்பா மேல் ஒரு இளக்காரம் வந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் அக்காள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னபோது, "மாமா, இதை ஆராய்ச்சியே செய்து பார்த்திருக்கிறார்கள்" என்று ஒன்றைப் படித்துக் காட்டினாள். செந்தில் முல்லைநாதன் என்கிற தமிழ்நாட்டில் பிறந்த அறிஞரும் வேறு சிலரும் விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்தில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்தார்களாம். 2013-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. கரும்பு வெட்டுவதற்கு முன்னால் கையில் காசில்லாத நேரத்தில் ஒருமுறையும், வெட்டிப் பணம் வந்த பிறகு ஒருமுறையும் அதே விவசாயிக்கு யோசித்துச் செய்யவேண்டிய சோதனைகளைக் கொடுத்தார்கள். பணம் வருவதற்கு முன்னால் அவர் தடுமாறினார். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார். ஆள் அவரேதான். மூளையும் அதேதான். பற்றாக்குறை வந்து மனதில் உட்கார்ந்துகொண்டால் வேறு யோசனைக்கு இடம் குறைந்துபோகிறது என்பதுதான் அவர்கள் கண்டது.

எனக்கு அப்பாவின் கார்த்திகை முகம் நினைவுக்கு வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பங்குனியில் அதே மனிதர் பனை உச்சியிலிருந்து விடுகதை போடுவார். வியாபாரி பார்த்தது கார்த்திகை அப்பாவை மட்டும். அந்த மாதத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்கே அதுதான் குணம் என்று முத்திரை குத்திவிட்டார்.

ஒரு வீட்டுக்கு நடந்தது ஒரு ஜனத்துக்கே நடந்திருக்கிறது. நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கன்னியாகுமரி மண் முன்னே திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அய்யா வைகுண்டர் மனிதராய் உலாவிய காலத்தில் நம் முன்னோருக்குத் தலைக்கு வரி, பனைக்கு வரி. கூலியில்லாத ஊழிய வேலை வேறு. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பொன் நகை அணியக்கூடாது, மாடி வீடு கட்டக்கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, மார்பை மறைக்கக்கூடாது. 1859-இல் மேலாடைக்கு அனுமதி என்று அரசாணை வந்தபோதும், உயர்ந்த சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

இதன் வேலையைக் கவனியுங்கள். வரியாகப் பணத்தை எடுத்தார்கள். ஊழியமாக நேரத்தை எடுத்தார்கள். சட்டமாகத் துணியை எடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "பாருங்கள், இவர்களுக்கு உடுக்கத் தெரியவில்லை, சுத்தம் தெரியவில்லை, புத்தி இல்லை" என்றார்கள். தாங்கள் செய்த காயத்தையே பிறவி மச்சம் என்று சொன்னார்கள்.

கெட்டவர்கள் மட்டும் இப்படிச் சொன்னார்கள் என்று நினைக்கவேண்டாம். தமிழுக்குப் பெரிய தொண்டு செய்த கால்டுவெல், திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி 1849-இல் ஒரு நூல் எழுதினார். அதில் அவர்களை மந்தபுத்தி உள்ளவர்களாகவே காட்டினார். அந்த ஜனத்தார் பிற்காலத்தில் அதைக் கண்டித்துப் பெரிய கிளர்ச்சியே செய்தார்கள். அவர் பார்த்தது பொய்யல்ல. வறுமையின் அடிமட்டத்தில் கிடந்த ஒரு ஜனத்தைப் பார்த்தார். ஆனால் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, விழுந்தவனுடைய உயரமே அவ்வளவுதான் என்று எழுதிவிட்டார். கணக்கே தெரியாது என்று சொல்லப்பட்ட அந்த மக்கள் 1921-இல் தூத்துக்குடியில் ஒரு வங்கியையே தொடங்கினார்கள். அதுதான் இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்ற பேரில் நடக்கிறது. பிறவிக் குணம் என்றால் எழுபது வருடத்தில் மாறுமா?

இனி அய்யா செய்ததைப் பாருங்கள். அழுக்கானவர்கள் என்று சொல்லப்பட்ட மக்களை அய்யா கண்டிக்கவில்லை. எழுநூறு குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பித் துவையல் தவசு செய்யச் சொன்னார். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் அவர்கள் தினம் மூன்று வேளை கடலில் குளித்து, துணி துவைத்து, ஒரு வேளை மட்டும் உண்டு தவசிருந்தார்கள். அந்தத் தவசின் உட்பொருள் பெரியது, அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் சிற்றறிவுக்கு எட்டியது இது: வழியும் நேரமும் கிடைத்தால் இந்த மக்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர் என்பது அந்தக் கடற்கரையில் தெரிந்தது. சுவாமிதோப்பில் முத்திரிக்கிணறும் அப்படித்தான். 'அவன் தொட்டால் தண்ணீர் தீட்டு' என்றிருந்த நாளில் பதினெட்டுச் சாதியும் ஒரே கிணற்றில் நீராடினார்கள். தீட்டு தண்ணீரில் இல்லை, அதைச் சொன்ன வாயில்தான் இருந்தது என்று அங்கே வந்தவர்கள் கண்டுகொண்டார்கள்.

இதைவிடப் பெரிய நோய் ஒன்று உண்டு. வெளியே இருப்பவன் சொல்லச் சொல்ல, சொல்லப்பட்டவனே அதை நம்பிவிடுவது. வியாபாரியின் முன்னால் அப்பா தலை குனிந்தாரே, அது மரியாதையினால் அல்ல. தனக்குக் கணக்குத் தெரியாது என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

இதற்கும் அக்காள் மகள் ஒரு சோதனையைச் சொன்னாள். உத்தரப்பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கிற புதிர்களைக் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது எல்லாச் சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒன்றுபோலச் செய்தார்கள். ஒவ்வொருவன் பேரையும் சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்த பிறகு கொடுத்தபோது, தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்ட பையன்கள் பின்தங்கிவிட்டார்கள். உலக வங்கிக்காக 2004-இல் வெளியான ஆய்வு அது. யாரும் அவர்களை அடிக்கவில்லை, வையவில்லை. பேரை வாசித்தார்கள், அவ்வளவுதான். அதிலேயே அந்தக் குழந்தைகளின் கை தளர்ந்துபோயிற்று.

தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்ன அய்யாவின் கட்டளை எனக்கு அன்றைக்குத்தான் புதிதாக விளங்கியது. தலைப்பாகை கட்டத் தடை இருந்த காலத்தில், "தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வா" என்று அழைத்தவர் அய்யா. அது வெளியே இருக்கிறவனுக்குச் சொன்ன பதில் மட்டும் அல்ல. உள்ளே குனிந்து போயிருந்த தலையை நிமிர்த்தவும்தான். நிமிர்ந்த அந்தத் தலையோடு பள்ளியறைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறோம். அந்தக் கண்ணாடியில் தெரிகிறவன் பனையேறியா பண்ணையாரா என்று கண்ணாடி கேட்பதில்லை. நெற்றியில் ஒரே வெள்ளை நாமம்.

அகிலத்தில் வருகிற ஒரு இடம் உங்களுக்குத் தெரியும். கலியன் வரம் வாங்கி, ஆயுதம் வாங்கி, பெருமையோடு வருகிறான். திருமால் அவன் வழியில் ஒரு பண்டாரமாக வந்து நிற்கிறார். கலியன் பார்த்தது பரதேசிக் கோலத்தை. கையில் ஆயுதமில்லாத பண்டாரத்தோடு சண்டையிடுவது தனக்கு இழிவு என்று ஏளனம் செய்கிறான். எதிரே நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. சிறுவயதிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். கலியனுடைய அகங்காரம் என்று மட்டும் நினைத்திருந்தேன். சருவம் திரும்பி வந்த அன்று இரவுதான், கோலத்தைப் பார்த்து ஆளை அளக்கிறதே கலியின் முதல் வேலை என்று பட்டது. திருவிதாங்கூர் அரசு அய்யாவைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்ததும் அதே கண்ணோடுதானே? தகரக் கொட்டகைக்கு முன்னால் நான் நின்றபோது, என் தலையில் தலைப்பாகை இருந்தது, நெற்றியில் நாமம் இருந்தது, கண்ணில் கலி இருந்தது.

சிலர் கேட்பீர்கள், "அப்படியானால் ஏழைகளில் திருடன் கிடையாதா? குடிகாரன் கிடையாதா?" உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பணக்காரர் ஒருவர் வங்கியை ஏமாற்றினால் அவருடைய பேரைச் சொல்லித் திட்டுகிறோம். ஏழை ஒருவன் தேங்காய் திருடினால், "அவனுவளே அப்படித்தான்" என்கிறோம். அவர் குற்றம் அவரோடு நிற்கிறது. இவன் குற்றம் இவன் ஊர், இவன் பாஷை, இவன் சாதி எல்லாவற்றின் மேலும் தெறிக்கிறது. வசதியானவர் பகலில் உறங்கினால் ஓய்வு, கூலிக்காரன் உறங்கினால் சோம்பல். அவர் கடன் வாங்கினால் தொழில், இவன் வாங்கினால் ஊதாரித்தனம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று பழமொழி சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

இன்னும் சிலர் கேட்பீர்கள், "நான் கஷ்டப்பட்டு முன்னுக்கு வரவில்லையா? அவனும் வரவேண்டியதுதானே?" நானும் அப்படி நினைத்தவன்தான். பத்தாம் வகுப்பு வரை நான் படித்தது என் சாமர்த்தியத்தால் என்று நினைத்திருந்தேன். பள்ளியில் மதியச் சோறு கிடைத்தது. கட்டணம் இல்லை. என் அக்காள் பன்னிரண்டு வயதில் அண்டியாபீசுக்குப் போய்க் கை கறுக்கப் பருப்பு உடைத்தாள். அந்தக் கூலியில் எனக்கு நோட்டுப் புத்தகம் வந்தது. அவளுக்கு என்னைவிட நல்ல மூளை. இன்று ஊரில் என்னை விவரம் தெரிந்தவன் என்கிறார்கள், அவளைப் படிக்காதவள் என்கிறார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஏறத் தெரியாதவள் என்று சொன்னால் நியாயமா?

இந்தப் பழிச்சொல் ஒரு ஜனத்தோடு பிறப்பதல்ல, மலிவான கூலியோடு வருவது என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. கேரளத்தில் தமிழன் மண்வெட்டி பிடித்தும் பாரம் சுமந்தும் பிழைத்த காலத்தில் அவனைப் 'பாண்டி' என்று இளக்காரமாகச் சொன்னார்கள். அந்தப் பேரைக் கேட்டு மனம் புண்பட்டுத் திரும்பியவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. இப்போது அந்த வேலைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அழுக்கு, திருட்டு, புத்தியில்லை என்று நம்மேல் இருந்த அதே பழி இப்போது அவர்கள்மேல் ஏறியிருக்கிறது. இங்கே நாமும் அவர்களை 'வடக்கன்' என்கிறோம். ஆட்கள் மாறினார்கள், பாஷை மாறியது, வசைச்சொல் மட்டும் மாறவில்லை. ஒரு அறையில் பத்துப் பேரை அடைத்து, குளிக்கக் குழாய் இல்லாமல் வைத்துவிட்டு, சுத்தம் இல்லாதவர்கள் என்கிறோம். நம் தாத்தாவுக்கு எந்தக் கணக்கைப் போட்டார்களோ அதே கணக்கை நாம் இவர்களுக்குப் போடுகிறோம். அடிபட்டவன் மகன் அடிக்கக் கற்றுக்கொண்டதுபோல் ஆகிவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். இல்லாதவன் இருக்கிறவனைப் பார்க்கிற கண்ணும் கெட்டுத்தான் போகிறது. "காசுக்காரன் எல்லாம் கள்ளன், ஊரை அடித்து உலையில் போட்டவன்" என்று பேசுகிறோம். சருவத்தைத் திருப்பிக் கொண்டுவந்த அண்ணாச்சி, நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டு எவ்வளவு வருந்தினார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு தப்பும் ஒரே எடை அல்ல. ஏழையின் தப்பான எண்ணத்தால் பணக்காரருக்கு வேலை போகாது, பை தரையில் கொட்டப்படாது. பணமும் பலமும் உள்ளவன் தப்பாக நினைத்தால் மற்றவன் வாழ்க்கையே கவிழ்ந்துவிடும். ஆகவே கண்ணைக் கழுவவேண்டிய கடமை வசதி உள்ளவனுக்கே அதிகம்.

தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தர்மம் என்று அய்யா நமக்குப் போதித்தார். காப்பது என்றால் சோறு கொடுப்பது என்று நாம் சுருக்கிக்கொண்டோம். சோறு வேண்டும், அதை நிறுத்தவேண்டாம். ஆனால் சோறு கொடுக்கிற கை எப்போதும் மேலே இருக்கிறது, வாங்குகிற கை கீழே இருக்கிறது. கொடுத்துக்கொண்டே ஒருவனைத் தாழ்வாக நினைக்க முடியும். நான் அப்படித்தான் இருந்தேன். அவனுடைய மானத்தைக் காப்பதும் தர்மத்தில் சேர்ந்ததுதான். அதற்குக் காசு செலவில்லை. கலியை நம் கண்ணிலிருந்து இறக்கவேண்டும், அதுதான் செலவு.

எங்கள் தாங்கலில் சில காரியங்கள் செய்தோம். பாத்திரங்களுக்கு ஒரு நோட்டுப் போட்டோம். யார் எடுத்தாலும், நன்கொடை கொடுப்பவரானாலும் நிர்வாகியானாலும், எழுதிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், "எங்களையும் சந்தேகப்படுகிறாயா?" என்றார்கள். எழுதாவிட்டால் சந்தேகம் எங்கே போய் விழும் என்று நான் கண்ணால் கண்டவன், அதைச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். உம்பான் பந்தியில் நன்கொடையாளருக்கு என்று தனியே விரிக்கிற பாயை எடுத்துவிட்டோம். வேலைக்கு வருகிறவர்களின் பேரைக் கேட்டு, பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். எங்கள் பை கொட்டிய நாளில் அந்தப் பையனின் பேர்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 'அவனுவ' என்றுதான் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். யாரையாவது, "அவனுவ அப்படித்தான்" என்று சொல்ல வாய் வரும்போது ஒரு கணம் நிறுத்துங்கள். இதே காரியத்தைக் காரில் வந்த ஒருவர் செய்திருந்தால் என்ன பேர் வைத்திருப்பேன் என்று உங்களையே கேளுங்கள். என் தாத்தாவை எந்தப் பேர் சொல்லி அழைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதன்பிறகும் சொல்லவேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். அநேகமாகத் தோன்றாது.

அந்தப் பையன் இப்போது எந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறானோ. அவன் திரும்பி வரப்போவதில்லை. தினமும் காலையில் பள்ளியறை விளக்கை ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கும்போது அவன் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்ற நிற்பு நினைவுக்கு வருகிறது. தெரியாமல் செய்த தப்பையும் தெரிந்தே செய்த தப்பையும் பொறுத்துக்கொள்ள அய்யாவிடம் வேண்டுகிறேன். இனி வருகிறவன் எந்தக் கோலத்தில் வந்தாலும் அவனை ஆளாகப் பார்க்கிற கண்ணை எனக்கும், இதை வாசிக்கிற உங்களுக்கும் அய்யா தரவேண்டும்.

அய்யா உண்டு.

இப்படிக்கு,
தாங்கல் பணிவிடையாளன் ஒருவன்